பழைய மெக்சிகன் குதிரைப் படங்களில் பேய் எதற்காக வருகிறது?

தூசிப்பாதை

1950களின் நடுவிலிருந்து 1970 வரை மெக்சிகோவில் எடுத்த மலிவுப் படங்களில் குதிரை, துப்பாக்கி, பேய் மூன்றும் ஒன்றாக வரும் வகை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. முகமூடி மல்யுத்த வீரர் சாந்தோவுக்கு ரசிகர்கள் ஏராளம். 'எல் வாம்பீரோ' (1957) மாதிரி பாழடைந்த பண்ணைவீட்டு ரத்தக்காட்டேரிப் படங்களுக்கும் இப்போது நல்ல மரியாதை வந்துவிட்டது. வெஸ்டர்ன் எனும் கவ்பாய் படமும் திகிலும் கலந்த இந்த வகையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'எல் கிரித்தோ தெ லா முயெர்த்தே' (1959). மரண ஓலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் 'எல் வாம்பீரோ'வை எடுத்த அதே ஃபெர்னாண்டோ மெண்டெஸ். கலர் படம். சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு பண்ணைவீடு. பிள்ளைகளைச் சதுப்பில் பறிகொடுத்து, அந்தத் துக்கத்திலேயே செத்துப்போன ஒரு தாய். அவள்தான் இரவில் அழுதுகொண்டே அலைகிறாள் என்று ஊர் நம்புகிறது. மெக்சிகோவில் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் 'லா யோரோனா' கதைதான் இது. அழுகைச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கல்லறையிலிருந்து வீட்டுக்கு ஓர் அபாய மணி இழுத்து வைத்திருக்கிறார்கள். நடு இரவில் அந்த மணி அடிக்கிறது. இந்த வீட்டுக்குள் கவ்பாய் தொப்பியோடு நாயகன் கஸ்தோன் சாந்தோஸ் நுழைகிறார்.

இனி முடிவைச் சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

பேய் பொய். முகமூடிக்குப் பின்னால் மனிதர்கள். நிலத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது, அதை எடுக்க வீட்டுக்காரர்களை விரட்ட வேண்டும். 'எல் பந்தானோ தெ லாஸ் ஆனிமாஸ்' (1957) படத்திலும் இப்படித்தான். சவப்பெட்டியில் பிணத்தைக் காணோம், ஏரிக்குள் மீன்செதில் உடம்போடு ஒரு பூதம் அலைகிறது, கடைசியில் உடையைக் கழற்றினால் உள்ளே ஆள்.

இதைப் பலரும் ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்க வெஸ்டர்ன்களில் நிலத்தைப் பிடுங்க வரும் பண்ணையார் அடியாட்களை அனுப்புவார், துப்பாக்கி காட்டுவார், வங்கிக் கடனை வைத்து மிரட்டுவார். இந்தப் படங்களில் அதே பண்ணையார் பேயை அனுப்புகிறார். ஊரே நம்புகிற ஒரு கதை கையில் இருக்கும்போது தோட்டா எதற்கு? வெஸ்டர்னும் திகிலும் இதில் ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கவில்லை, ஒன்றுக்கு ஒன்று தேவைப்படுகிறது. உங்கள் கருத்து?

நள்ளிரவுக்காட்சி

நல்ல இழை நண்பரே, ஆனால் முழுக்க மறுக்கிறேன்.

பேய்ப் படம் பார்க்க உட்கார்ந்தவனுக்குப் பேயைக் கொடுக்க வேண்டும். எண்பது நிமிடம் பயமுறுத்திவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் 'அதெல்லாம் தங்கத்துக்காக' என்றால், அதுவரை நான் பட்ட பயத்துக்கு என்ன மதிப்பு? 'எல் பந்தானோ' படத்துப் பூதத்தின் உடை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 1954இல் ஹாலிவுட்டில் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' படத்துப் பூதத்தைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்தாலும், தண்ணீரிலிருந்து எழும்போது உடம்பு சிலிர்க்கிறது. அதைக் கொண்டுவந்து ஆள் மாறாட்டத்தில் முடிக்கிறார்கள்.

இந்த வகையின் உச்சம் 'எல் சார்ரோ தெ லாஸ் கலவேராஸ்' (1965) என்பேன். எழுதி இயக்கியவர் அல்ஃப்ரெதோ சலசார். ஆஸ்டெக் மம்மி படங்களுக்குக் கதை எழுதியவர், 'எல் வாம்பீரோ'வைத் தயாரித்த அபெல் சலசாரின் உடன்பிறந்தவர். நாயகன் முகமூடி போட்ட சார்ரோ, அதாவது மெக்சிகோவின் குதிரைவீரன், உடையில் மண்டையோட்டுச் சின்னம். மூன்று கதைகள். முதலில் ஓநாய் மனிதன், இரண்டாவதில் ரத்தக்காட்டேரி, மூன்றாவதில் தலையில்லா குதிரைவீரன். மூன்றுமே நிஜம். யாரும் முகமூடியைக் கழற்றி விளக்கம் சொல்வதில்லை.

முதல் கதையில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மனிதன் ஓநாயாக மாறவேண்டும். மற்ற நாட்டுப் படங்களில் முகத்தில் படிப்படியாக முடி ஒட்டுவார்கள். இங்கே படுத்திருக்கும் ஆள் முதலில் எலும்புக்கூடாகிறான். சதை எல்லாம் போய் வெறும் எலும்பு. அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் ஓநாய் வருகிறது. இதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. செலவு மிகக் குறைவு, இரண்டு முறை படத்தை மங்கவைத்து மாற்றினால் போதும். ஆனால் மனிதன் செத்துத்தான் மிருகமாகிறான் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஓநாய் யார் என்று கேட்க ஒரு கிழவி கல்லறையிலிருந்து பிணத்தை எழுப்பி விசாரிக்கிறாள். அதையும் நிஜமாகவே எழுப்புகிறாள்!

தவிட்டுக்குருவி

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் இந்தப் படங்களுக்குப் புதியவள். 'எல் சார்ரோ'வை இந்த இழையைப் பார்த்துவிட்டுத்தான் தேடிப் பார்த்தேன். இரவு என்கிறார்கள், வெயில் அடிக்கிறது. நாயகனின் முகமூடி முதல் கதையில் ஒரு மாதிரி, பிறகு வேறு மாதிரி. ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும்போது முன்னால் நடந்தது எதுவும் யாருக்கும் நினைவில்லை. இது கவனக்குறைவா, அல்லது வேறு காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிலிம்பெட்டி

தங்கையின் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் தொழிற்சங்கச் சண்டை.

மெக்சிகோ சினிமாவில் முதலில் 'ஸ்டிக்' என்ற ஒரே பெரிய சங்கம் இருந்தது. தியேட்டர் ஊழியர், விநியோகம், படப்பிடிப்பு என எல்லோரும் அதில்தான். 1945இல் உள்ளே பிளவு. காந்தின்ஃப்லாஸ், ஹோர்ஹே நெக்ரெத்தே போன்ற பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து படத் தயாரிப்புத் தொழிலாளர்களுக்கென்று 'எஸ்டிபிசி' என்ற தனிச் சங்கம் கண்டார்கள். மோதல் முற்றி, அதிபர் ஆவிலா கமாச்சோ வரை போனது. அவர் தந்த தீர்வின்படி முழுநீளக் கதைப்படம் எடுக்கும் உரிமை புதிய சங்கத்துக்கு. பழைய சங்கத்துக்குக் குறும்படமும் செய்திப்படமும், தியேட்டர்களும்.

1957இல் மெக்சிகோ நகரத்தின் தெற்கே, தல்பான் சாலையில் எஸ்தூதியோஸ் அமெரிக்கா திறந்தது. அங்கே வேலை செய்தது பழைய சங்கம். முழுநீளப் படம் எடுக்கக்கூடாது, குறும்படம் எடுக்கலாம். என்ன செய்தார்கள்? சுமார் அரைமணி நேர அத்தியாயங்களாக எடுத்தார்கள். ஒவ்வொன்றும் தாளில் ஒரு குறும்படம். மூன்று அத்தியாயத்தை ஒட்டித் தியேட்டரில் ஒரு படமாகக் காட்டினார்கள். ஹெர்மான் ரோப்லெஸ் நடித்த நோஸ்த்ரதாமுஸ் ரத்தக்காட்டேரிக் கதை பன்னிரண்டு அத்தியாயமாக எடுத்து நான்கு படமாக வெளிவந்தது, இதே வழியில்தான்.

'எல் சார்ரோ'வும் அந்த அச்சில் வார்த்ததுதான். ஒவ்வொரு அத்தியாயமும் தானாக நிற்க வேண்டும், தானாக முடிய வேண்டும். முந்தையதில் நடந்தது அடுத்ததில் நினைவில் இருக்கத் தேவையில்லை. ஒரே மூச்சில் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று பார்த்துப் பாருங்கள், படம் வேறு மாதிரி தெரியும்.

வெயிலில் இரவு எடுப்பது அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் வழக்கம். பகலில் எடுத்துவிட்டு அச்சுப் போடும்போது கருமையைக் கூட்டுவார்கள். மலிவுப் படத்தில் அந்தக் கருமை சரியாக ஏறவில்லை என்றால் மறுபடி செய்யக் காசிருக்காது. இன்று நாம் பார்க்கும் பிரதிகளில் அது இன்னும் வெளுத்துத் தெரிகிறது.

பட்ஜெட் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகர நிர்வாகம் சினிமா டிக்கெட் விலையை நான்கு பெசோவில் நிறுத்திவைத்தது. பல வருஷம் அது ஏறவே இல்லை. தியேட்டர்களில் பெரும்பங்கு வில்லியம் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கரின் குழுவிடம் இருந்தது, 1960இல்தான் அரசு அந்தத் தியேட்டர் சங்கிலிகளை வாங்கியது. ஆக, தயாரிப்பாளர் கைக்கு வருவது சொற்பம். வேகமாக எடு, மலிவாக எடு, ஒரே குதிரையை மூன்று படத்தில் ஓட்டு. ஃபெர்னாண்டோ மெண்டெஸ் போன்றவர்கள் இதற்குள்ளேயே நல்ல படம் எடுத்தார்கள் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

தூசிப்பாதை

அருமையான விளக்கம் அண்ணா. ஓர் அத்தியாயம் முடியும்போது ஏதாவது ஒரு பெரிய காட்சி வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் அரைமணிக்கு ஒருமுறை சண்டையும் பூதமும்.

நள்ளிரவுக்காட்சிக்கு: எலும்புக்கூட்டுக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஊர் எங்கே? நாயகன் வருகிறான், பூதத்தைக் கொல்கிறான், போகிறான். அந்த ஊர் மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள், நிலம் யாருடையது, யாருக்கு யார் கடன், ஒன்றுமே தெரியாது. தொப்பியும் குதிரையும் இருந்தால் மட்டும் வெஸ்டர்ன் ஆகிவிடுமா? மெண்டெஸுக்கு வெஸ்டர்ன் தெரியும். திகில் படங்களுக்கு வரும் முன்பே வியாலோபோஸ் சகோதரர்கள் படங்களை எடுத்தவர் அவர். பண்ணைவீடு, லாயம், சுரங்கம் எல்லாம் அவர் படத்தில் கதைக்குத் தேவையாக இருக்கும்.

லாயக்காரன்

கஸ்தோன் சாந்தோஸ் பெயர் வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க முடியாது!

அவர் முதலில் நடிகரே இல்லை. குதிரைமேல் அமர்ந்து காளையோடு மோதும் ரெஹோனேயதோர். காளையின் கொம்புக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் குதிரையைத் திருப்பும் வித்தை அது. கையில் கடிவாளத்தைப் பிடிக்க நேரமிருக்காது, முழங்காலாலும் உடம்பின் சாய்வாலும்தான் குதிரைக்குச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் அவர் குதிரை ஏறும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். மற்ற நடிகர்கள் குதிரையைப் பிடித்து இழுப்பார்கள். இவர் உட்கார்ந்திருப்பார், குதிரை தானாக ஒதுங்கி, தானாகத் திரும்பி, பக்கவாட்டில் கால் மாற்றிப் போகும். ராயோ தெ ப்லாத்தா, வெள்ளி மின்னல், அந்தக் குதிரையின் பெயர். படத்தின் நடிகர் பட்டியலிலேயே அதற்கும் இடம் கொடுத்தார்கள். நடிப்பு என்று பார்த்தால் அவர் முகம் அசையாது, ஒத்துக்கொள்கிறேன். சேணத்தில் இருக்கும்போது திரையில் அவரை யாராலும் மிஞ்ச முடியாது.

மெண்டெஸ் அவரை வைத்து 'மிஸ்தேரியோஸ் தெ உல்த்ராதும்பா' (1959) என்ற அசல் பேய்ப்படமும் எடுத்திருக்கிறார். அது வெஸ்டர்ன் இல்லை, மனநோய் மருத்துவமனையில் நடக்கும் கதை. கறுப்பு வெள்ளையில் மெக்சிகோ எடுத்த திகில் படங்களில் ஆக அழகானது அதுதான் என்பேன். அதில் அவர் தரையில் நடக்கிறார், அதனால் பாதி ஆள்தான்.

இன்னொன்று. தூசிப்பாதை நிலத்தைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். கஸ்தோனின் அப்பா கொன்சாலோ என். சாந்தோஸ். சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தைப் பல ஆண்டுகள் தன் கைப்பிடியில் வைத்திருந்த அரசியல் பெருந்தலை, 1943 முதல் 1949 வரை ஆளுநர். அவருடைய எல் கர்கலியோத்தே பண்ணை எவ்வளவு பெரியது என்றால், 1978இல் அரசாங்கமே அதைக் கையகப்படுத்தி விவசாயிகளுக்குக் கொடுத்தது. நாட்டின் மிகப் பெரிய நிலச் சுவான்தார்களில் ஒருவரின் மகன், திரையில் அநாதைப் பெண்ணின் பண்ணையை நிலத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுகிறார். அந்த நாட்டு ரசிகர்கள் இதைத் தெரிந்தேதான் பார்த்திருப்பார்கள்.

நிலவறை

லாயக்காரன் சொன்ன கடைசிப் பத்திக்காகவே இந்த இழையைச் சேமித்துவைத்தேன்.

இந்த வகையில் சானோ உருவேதாவின் மூன்று படங்களை யாரும் சொல்லவில்லையே? 'எல் ஹினேத்தே சின் கபேசா', 'லா மார்கா தெ சாத்தானாஸ்', 'லா கபேசா தெ பாஞ்சோ வியா' (பாஞ்சோ வியாவின் தலை). மூன்றும் 1957. தலையில்லா குதிரைவீரனாக வருவது லூயிஸ் அகிலார். பாட்டுப் பாடும் சார்ரோ வேடங்களில் மக்கள் கொண்டாடிய நட்சத்திரம். அவர் தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு தலையில்லாதவன் போலக் கிளம்புகிறார். இங்கே தூசிப்பாதையின் வாதம் தலைகீழாகிறது பாருங்கள். பேய் வேஷம் போடுவது நாயகன்! கெட்டவர்களைப் பயமுறுத்த அவனே ஊர்க்கதையைக் கையில் எடுக்கிறான். டெக்ஸஸ் எல்லைப் பகுதியில் தலையில்லாத குதிரைக்காரன் பற்றி நாட்டுப்புறக் கதை வெகுகாலமாக உண்டு, ஆகையால் பார்வையாளர்களுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

மூன்றாவது படத்தின் தலைப்பைக் கேட்டு இதென்ன விபரீத கற்பனை என்று நினைக்காதீர்கள். புரட்சித் தளபதி பாஞ்சோ வியாவை 1923 ஜூலை 20 அன்று பர்ரால் நகரில் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். அதே ஊரில் புதைத்தார்கள். 1926 பிப்ரவரியில் ஒரு காலை கல்லறை திறந்து கிடந்தது. உடல் இருந்தது, தலை இல்லை. எமில் ஹோல்ம்தால் என்ற அமெரிக்கக் கூலிப்படைக்காரரைச் சந்தேகத்தில் பிடித்து விட்டுவிட்டார்கள். தலை இன்றுவரை கிடைக்கவில்லை. 1976இல் மிச்ச உடலைத் தலைநகரில் புரட்சி நினைவுச் சின்னத்துக்கு மாற்றினார்கள், தலை இல்லாமலே.

படம் வந்தபோது அந்தத் திருட்டு நடந்து முப்பத்தொரு வருஷம்தான். தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் வியாவின் படையை நேரில் பார்த்தவராக இருக்கக்கூடும். அவர் முன்னால் மரப்பெட்டிக்குள் தலையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அமெரிக்கத் திகில் படத்துக்கு ட்ரான்சில்வேனியா வேண்டும், இவர்களுக்குப் பக்கத்து ஊர்ச் சுடுகாடு போதும்.

நள்ளிரவுக்காட்சி

நிலவறை அக்கா, உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் பலம். பயம் உண்மையான இடத்திலிருந்து வரும்போதுதான் வேலை செய்கிறது. வியாவின் தலையை யார் வேஷம் போட முடியும்?

தூசிப்பாதைக்கும் ஒரு பதில். ஊர் இல்லை, நிலம் இல்லை என்கிறீர்கள். 'எல் சார்ரோ'வில் முதல் கதையிலேயே ஒரு சிறுவன் குடும்பத்தை இழந்து நாயகனோடு சேர்ந்துகொள்கிறான். ஓநாய் மனிதன் வெளியூர் ஆள் இல்லை, அந்த வீட்டு ஆள். நிலத் தகராறைவிட அது பெரிய விஷயம் இல்லையா? பயம் வீட்டுக்குள் இருக்கிறது. பண்ணையார்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிட்டால் வீட்டுக்குள் இருப்பதை யார் பேசுவது?

பிலிம்பெட்டி

இருவருக்கும் நடுவே ஒரு படத்தை வைக்கிறேன். 'எல் எஸ்கபுலாரியோ' (1968), செர்வாந்தோ கொன்சாலெஸ் இயக்கியது. மலிவுப் படம் என்று சொல்ல முடியாது, ஒளிப்பதிவு பெயர்பெற்ற கப்ரியேல் ஃபிகெரோவா. புரட்சிக் காலம், துப்பாக்கிக்காரர்கள், தூக்குமரம். சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு தாய் பாதிரியாரை வரவழைத்து, தன் மகன்களின் கதையையும் ஒரு மந்திரித்த கழுத்துத் துணியின் கதையையும் சொல்கிறாள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். பேயும் நிஜம், நிலமும் நிஜம், அரசியலும் நிஜம். இந்த வகையை எங்கே வரை கொண்டுபோகலாம் என்று தெரிய அதைப் பாருங்கள்.

அமெரிக்க ஒப்பீட்டுக்காக ஒரு தகவல். அமெரிக்கத் துப்பாக்கிக் கொள்ளைக்காரன் பில்லி த கிட் டிராகுலாவோடு மோதும் படமும், அதே மாதிரிக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஃபிராங்கன்ஸ்டைன் மகளைச் சந்திக்கும் படமும் 1966இல் வந்தவை. மெக்சிகோ அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1956இல் 'லா பெஸ்தியா தெ லா மொன்தான்யா'வில் மாட்டுக்காரர்களுக்கு நடுவே டைனோசரே வந்துவிட்டது. அது அமெரிக்காவோடு கூட்டுத் தயாரிப்பு, கதையின் மூலம் 'கிங் காங்' புகழ் வில்லிஸ் ஓ'பிரையன். மெக்சிகோ தரப்பில் இயக்கியவர் இஸ்மாயில் ரொத்ரிகெஸ். மாடுகள் காணாமல் போகின்றன, பக்கத்துப் பண்ணைக்காரன்மேல் சந்தேகம், சண்டை. டைனோசர் கடைசிப் பகுதியில்தான் முகம் காட்டும்.

தூசிப்பாதை

அண்ணா, அந்த டைனோசர் படம் என் கருத்துக்கு நேர் எதிராக வேலை செய்கிறது என்பதுதான் அதன் சுவாரசியம். மாடு காணாமல் போனால் பக்கத்துப் பண்ணைக்காரன்தான் திருடன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், கடைசியில் நிஜமாகவே பூதம்.

மறுகரை

நான் இருப்பது டெக்ஸஸில், சான் அந்தோனியோ பக்கம். இந்தப் படங்கள் மெக்சிகோவில் மட்டும் ஓடியவை என்று நினைக்க வேண்டாம். 1949இல் திறந்த அலமேதா தியேட்டர் இன்னும் இந்த ஊரில் நிற்கிறது. ஸ்பானிஷ் படங்களுக்கென்றே கட்டிய பெரிய அரங்கம். டெக்ஸஸ், கலிஃபோர்னியா முழுவதும் இப்படி நிறைய தியேட்டர்கள் இருந்தன. எல்லை தாண்டி வேலைக்கு வந்த குடும்பங்களுக்குத் தங்கள் ஊர்ப் பண்ணைவீட்டையும் தங்கள் ஊர்ப் பேயையும் பார்க்கும் இடம் அதுதான்.

ஆங்கிலத்தில் இவை பரவியதற்குக் காரணம் ஃப்ளோரிடாக்காரர் கே. கார்டன் மர்ரே. மெக்சிகன் படங்களை மொத்தமாக வாங்கி, கோரல் கேபிள்ஸில் டப்பிங் செய்து, தியேட்டருக்கும் டிவிக்கும் விற்றார். தூசிப்பாதை சொன்ன இரண்டு கஸ்தோன் சாந்தோஸ் படங்களும் அப்படி வந்தவையே. இங்கே பலர் அந்த டப்பிங் பிரதியைத்தான் பார்த்து மட்டமான படம் என்று முடிவுகட்டுகிறார்கள். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஸ்பானிஷ் மூலத்தில் பண்ணை முதலாளி பேசும் தோரணை வேறு, கூலிக்காரன் பணிந்து பேசும் முறை வேறு. ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். யார் யாருக்கு அடங்கியவர் என்பது காதில் விழாவிட்டால் நிலத்துக்கான சண்டை எப்படிப் புரியும்?

தவிட்டுக்குருவி

மறுகரை சொன்னதைப் படித்த பிறகு 'எல் கிரித்தோ'வை ஸ்பானிஷில், ஆங்கில எழுத்துகளோடு பார்த்தேன். எனக்குப் பயமாகவே இருந்தது. அந்த மணி அடிக்கும்போது வீட்டில் இருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை. போய்ப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே இருப்பவள் உயிரோடு இருந்தால் காப்பாற்ற வேண்டும் என்றுதானே அந்த மணியைக் கட்டினார்கள்? இப்போது மணி அடித்தால் ஓடி ஒளிகிறார்கள். பேய் பொய் என்று தெரிந்த பிறகும் இந்த இடம் மாறவில்லை. அழுகிற ஒரு தாய்மேல் அந்த ஊர் வைத்திருக்கும் பயம் நிஜம்தானே.

நள்ளிரவுக்காட்சி

இதை ஏற்றுக்கொள்கிறேன். மணிக் காட்சி நன்றாகவே இருக்கிறது.

நிலவறை

ஒரு வருத்தமான விஷயத்தையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும். 'சாந்தோ கொந்த்ரா லோஸ் ஹினேத்தெஸ் தெல் தெர்ரோர்' (1970), ரெனே கார்தோனா இயக்கியது. சாந்தோ வெஸ்டர்ன் ஊருக்கு வரும் படம். தப்பி வந்த தொழுநோயாளிகளைக் கண்டு ஊர் நடுங்குகிறது. அந்தப் பயத்தைக் கொள்ளைக்கூட்டம் பயன்படுத்திக்கொள்கிறது. தூசிப்பாதையின் வாதப்படி பார்த்தால் இதுவும் அதே ரகம்: பயத்தை ஒருவன் கருவியாக்குகிறான். நோயாளிகள்மேல் படம் பரிவு காட்ட முயல்கிறது என்பதும் உண்மை. ஆனால் கேமரா அவர்கள் முகத்தை ஒப்பனை போட்டுப் பூதமாகத்தான் காட்டுகிறது. வசனத்தில் இரக்கம், படத்தில் அருவருப்பு. இந்தப் படத்தைக் கவர்ச்சிக் காட்சிகள் சேர்த்து வேறு தலைப்பில் வெளிநாட்டுக்கு விற்றார்கள், அந்தத் தலைப்பிலும் தொழுநோயாளிகள்தான். பழைய மலிவுப் படம் என்பதற்காக இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. ரப்பர் ஓநாயைப் பார்த்துப் பயப்படுவது வேறு, நோயுற்ற மனிதனைப் பார்த்துப் பயப்படச் சொல்வது வேறு.

லாயக்காரன்

முழுக்க உடன்படுகிறேன் அக்கா. அந்தப் படத்தை நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பதில்லை.

மனதுக்கு இதமான ஒன்று வேண்டுமென்றால் 'லா நாவே தெ லோஸ் மொன்ஸ்த்ருவோஸ்' (1960). பிப்போரோ என்று ஊரே அழைத்த எவுலாலியோ கொன்சாலெஸ் வடக்கத்திக் கவ்பாயாகப் பாட்டுப் பாடிக்கொண்டு குதிரையில் வருவார். வானத்திலிருந்து வீனஸ் கிரகம் அனுப்பிய இரண்டு பெண்கள் ஒரு கப்பல் நிறைய பூதங்களோடு இறங்குவார்கள். ஒரு ரோபோவும் உண்டு. லொரேனா வெலாஸ்கெஸ் அந்த இருவரில் ஒருத்தி. வடக்கு மெக்சிகோக்காரனின் கெத்து, அளந்துவிடும் பேச்சு, அக்கார்டியன் பாட்டு எல்லாம் சேர்ந்து வேற்றுக்கிரகத்துப் பூதங்களையே திணறவைக்கும்.

பிலிம்பெட்டி

நல்ல பிரதிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1982 மார்ச் 24 அன்று மெக்சிகோ தேசியத் திரைப்படக் காப்பகமான சினெதேக்கா நாசியோனாலில் தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கான படச்சுருள்கள் போயின. பெரிய இயக்குநர்களின் படங்களுக்கு வேறு பிரதிகள் வெளிநாட்டில் இருந்தன. மலிவுப் படங்களை யார் பத்திரப்படுத்துவார்கள்? தயாரிப்பாளர் குடும்பங்களின் கிடங்குகளில் கிடந்தவைதான் மிஞ்சின. கால்தெரோன் தயாரிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த விவியானா கார்சியா பெஸ்னே, 'பெர்மனென்சியா வொலுந்தாரியா' என்ற காப்பகத்தைத் தொடங்கி இப்படிப்பட்ட மக்கள் சினிமாவைத்தான் மீட்டுக்கொண்டிருக்கிறார். முதல் 'லா யோரோனா' படமான 1933ஆம் ஆண்டுப் படத்தை மறுபடி பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்ததும் அவர் முயற்சியே.

கோட்டைப் பேய்ப் படங்களுக்கு அழகான டிஸ்க்குகள் வந்துவிட்டன. குதிரைப் பேய்ப் படங்களில் பல டிவியிலிருந்து பதிவு செய்த மங்கல் பிரதிகளாகத்தான் சுற்றிவந்தன. 'எல் கிரித்தோ'வின் கலரைச் சரியான பிரதியில் பார்த்தால் நள்ளிரவுக்காட்சிகூட மெண்டெஸ் பக்கம் வந்துவிடுவார்.

நள்ளிரவுக்காட்சி

கலருக்காக வருவேன் அண்ணா, முடிவுக்காக வரமாட்டேன்! முகமூடியைக் கழற்றும் அந்தக் கடைசி ஐந்து நிமிடம் எந்தப் பிரதியில் பார்த்தாலும் எனக்கு அப்படியேதான் இருக்கும்.

தூசிப்பாதை

சரி, அந்த ஐந்து நிமிடத்தை விடுங்கள். அடுத்த வாரம் உருவேதாவின் மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு இங்கேயே பேசலாமா? நிலவறை சொன்னபடி அதில் நாயகனே பேய் வேஷம் போடுகிறான். பயத்தை நல்லவன் கையில் எடுத்தால் ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கவனித்து எழுத வேண்டும். தவிட்டுக்குருவி, நீங்கள் முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள், தலை மூன்றாவதில்தான் வரும்.